மாஞ்சோலைக்கு நாயை ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் குத்தகைக்கு விட்ட காட்டில் உருவான தேயிலை ஊர் மாஞ்சோலை. விடுமுறைக்கு வளர்ப்பு நாயோடு அங்கே கிளம்பாதீர்கள். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. நாய்க்கு அனுமதி கிடையாது. மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் கெஞ்சவும் வேண்டாம். நாயின் எச்சில், மூக்குச்சளி வழியாக, நாய்களைத் தாக்கும் கொடிய நோயான டிஸ்டெம்பரின் வைரஸ் காட்டு விலங்குகளுக்குத் தொற்றும். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் மாண்ட சிங்கங்களில் இந்த வைரஸ் கண்டறியப்பட்டது. ஊசி போட்ட நாயும் உண்ணியைச் சுமந்து போகும். சிறுத்தைக்கு நாய் எளிய இரை வேறு.

சாவடியருகே காரில் பூட்டிவைப்பது அதைவிடக் கொடுமை. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினாலும் வெயிலில் அரை மணி நேரத்தில் உள்ளே அனலாகிவிடும். நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அனல் காற்றில் அதுவும் பலிக்காது.

ஒருவர் அம்பாசமுத்திரத்தில் நாயோடு தங்கி, மற்றவர்கள் மலையேறுவதே சரியான வழி. விடிகாலையில் வயல் வரப்பில் கயிற்றோடு நடத்தலாம். பயணத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே தீனியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வாந்தி எடுக்கும். ரேபிஸ் ஊசிச் சீட்டு கையில் இருக்கட்டும். தாமிரபரணியில் இறக்கினால் காதை நன்றாகத் துடையுங்கள்; ஈரம் தங்கினால் சீழ் பிடிக்கும்.

நாய்க்கு அனுமதி இல்லை என்ற பலகையை மலைக்குப் போகும் வழியிலுள்ள கல்லிடைக்குறிச்சியிலேயே வைக்க வனத்துறை முன்வர வேண்டும்.

– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்