பிபிசி ஆவணக் காப்பகத்தாருக்கு: இருப்பதையாவது காட்டுங்கள்

மதிப்பிற்குரிய பிபிசி ஆவணக் காப்பகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். டாக்டர் ஹூ என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் மணிவிழாவை ஒட்டி 2023 நவம்பரில் அதன் 800-க்கும் மேற்பட்ட பகுதிகளை உங்கள் இணையவழிக் காணொளிச் சேவையான ஐபிளேயரில் ஏற்றினீர்கள். 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பான முதல் பகுதியும், அக்கதையை நிறைவுசெய்த அடுத்த மூன்று பகுதிகளும் அவற்றுள் இல்லை. உரிமை குறித்து உடன்பாடு எட்டப்படவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. உரிமையாளர்களின் முடிவில் தலையிட எனக்கு இடமில்லை. ஆனால் எந்த நாளை முன்னிட்டு விழா எடுத்தீர்களோ, அந்த நாளின் நிகழ்ச்சியே விழாவில் இல்லாமல் போனதைக் கண்ட பிறகுதான், நெடுநாளாக மனத்தில் கிடந்த இவ்வேண்டுகோளை எழுதத் துணிந்தேன். 1960-களில் நீங்கள் ஒளிபரப்பியவற்றுள் இன்றும் உங்களிடம் எஞ்சியிருக்கும் பதிவுகளை, ஒளிபரப்பான நாளின் வரிசைப்படியே, உலகில் எவரும் பார்க்கும்படி திறந்து வையுங்கள்.

நாளின் வரிசைப்படி என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அன்றைய தொலைக்காட்சி இன்றுபோல் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடியதில்லை. ஒளிபரப்பு நேரத்துக்கு அரசு விதித்திருந்த வரம்பு 1972 வரை நீடித்தது. பகலில் பள்ளிகளுக்கான பாடங்கள், இடையில் நிகழ்ச்சி இல்லாத வேளையில் திரையில் அசையாமல் நிற்கும் சோதனை அட்டை, மாலையில் குழந்தைகளுக்கான நேரம், பிறகு செய்தி, நாடகம், நகைச்சுவை, இறுதியில் தேசிய கீதத்துடன் நிறைவு என்று ஒரு குடும்பத்தின் பொழுதோடு சேர்ந்தே அது நகர்ந்தது. அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாளான 1963 நவம்பர் 23, அந்தச் சனிக்கிழமையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் முழுவதும் கிராண்ட்ஸ்டாண்ட் விளையாட்டு நிகழ்ச்சி, அதன்பின் சற்றுத் தாமதமாகத் தொடங்கிய டாக்டர் ஹூ என்ற புதிய தொடர், இரவில் தட் வாஸ் த வீக் தட் வாஸ் நிகழ்ச்சி தன் வழக்கமான நையாண்டியை அடியோடு கைவிட்டுச் செலுத்திய அஞ்சலி. இவற்றைத் தனித்தனியே பார்ப்பவருக்குக் கிடைக்காத ஒன்று, அடுத்தடுத்துப் பார்ப்பவருக்குக் கிடைக்கும்: துயரச் செய்தி கேட்ட ஒரு நாடு மறுநாள் மாலையைக் கழித்த விதம்.

ரேடியோ டைம்ஸ் இதழின் நிகழ்ச்சி நிரல்களை 1923 முதல் தொகுத்து ஜீனோம் என்ற பெயரில் 2014-இல் இணையத்தில் வெளியிட்டீர்கள். அதற்காக உங்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். எந்தத் தேதியைத் தேடினாலும் நேரம், தலைப்பு, நடித்தவர் பெயர் எல்லாம் வந்துவிடுகின்றன. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இலை போட்டுப் பெயர் சொல்லி உட்கார வைத்துவிட்டுச் சோறு பரிமாறாமல் போவதைப் போன்றது இது.

இந்த வெறுமையை மிகக் கடுமையாக உணர்த்துவது 1969 ஜூலை 20-ஆம் நாளின் இரவு. பிரிட்டனில் தொலைக்காட்சி முதன்முதலாக விடிய விடிய ஒளிபரப்பான இரவு அது. பிரிட்டிஷ் நேரப்படி இரவு 9.17-க்கு அப்பல்லோ 11-இன் கழுகுக் கலம் நிலவில் இறங்கியது. ஆம்ஸ்ட்ராங் காலடி வைத்தபோது பிரிட்டனில் அதிகாலை நான்கு மணியை நெருங்கிவிட்டது. உங்கள் அரங்கில் கிளிஃப் மிஷெல்மோர், ஜேம்ஸ் பர்க், பாட்ரிக் மூர் ஆகியோர் அமர்ந்து அதை மக்களுக்கு விளக்கினார்கள். பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் நேரலையில் வாசித்தார்கள். நிலவிலிருந்து வந்த காட்சிகளின் பிரதிகள் உலகெங்கும் இருக்கின்றன. அவற்றை ஒரு நாடு எப்படிப் புரிந்துகொண்டது என்பதற்குச் சான்றாக இருந்திருக்க வேண்டிய உங்கள் அரங்கப் பதிவு அநேகமாக முழுவதும் போய்விட்டது. அந்த இரவைப் பற்றி ஆராய்கிற எவரும் பிறருடைய நினைவுக் குறிப்புகளையும் சிதறிய துணுக்குகளையும் நம்பியே எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டு அங்குல வீடியோ நாடாவின் விலை அதிகமென்பதால் பழைய பதிவை அழித்து அதிலேயே புதியதைப் பதிந்தார்கள் என்பதும், மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தங்கள் எல்லை வகுத்திருந்தன என்பதும், நிகழ்ச்சிகளை முறையாகப் பாதுகாக்கும் கொள்கை 1978-இல்தான் உருவாயிற்று என்பதும் நீங்கள் அறிந்தவை. அக்காலத்தின் நெருக்கடியை நானும் மறுக்கவில்லை. இருந்தாலும், 1963 ஜனவரியில் பாப் டிலன் நடித்துப் பாடிய மேட்ஹவுஸ் ஆன் காசில் ஸ்ட்ரீட் நாடகம் 1968-இல் அழிக்கப்பட்டதை எண்ணும்போது பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதற்குள் அவர் உலகறிந்த பாடகராகிவிட்டார். இதற்கு மாறாக, அழிந்துபோன டாக்டர் ஹூ பகுதிகள் அனைத்தின் ஒலியும் இன்று கிடைக்கிறதென்றால், அது வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு காத்திருந்த சாதாரண நேயர்களின் உழைப்பு. 2013-இல் அதே தொடரின் 9 பகுதிகள் மீண்டும் கிடைத்தது நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில். உங்கள் நிறுவனம் கைவிட்டதை நேயர்களும் வெளிநாட்டு நிலையங்களும் காத்துக் கொடுத்திருக்கும்போது, மீட்கப்பட்டதைப் பார்க்கும் உரிமை யாருக்கு என்பதை மட்டும் குறுகிய எல்லைக்குள் வைத்திருப்பது நியாயமாகுமா?

காப்பகத்தைப் பொதுமக்களுக்குத் திறப்போம் என்று 2003-இல் உங்கள் தலைமை இயக்குநராக இருந்த கிரெக் டைக் அறிவித்தார். அதன்படி தொடங்கிய கிரியேட்டிவ் ஆர்கைவ் முயற்சி 2006-இல் வெள்ளோட்டத்தோடு நின்றுவிட்டது. அதே ஆண்டில் சோதனை முறையில் இணையத்தில் வைத்த காப்பகப் பட்டியலும் பின்னர் எடுக்கப்பட்டது. அரங்கில் உட்கார்ந்து கைதட்டியவர்கள் பலர் இன்று இல்லை. தொலைக்காட்சிக்கான உரிமக் கட்டணம் செலுத்தி அந்நிகழ்ச்சிகளை உருவாக்கவைத்த தலைமுறையும் குறைந்துகொண்டே வருகிறது. 1965-இல் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் குடியேறியவர்களுக்காக ஞாயிறு காலைகளில் அப்னா ஹீ கர் சமஜியே நிகழ்ச்சியைத் தொடங்கினீர்கள். அதைப் பார்த்து ஆங்கிலம் பழகியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த நாட்களின்மீது உரிமை உண்டு. பிரிட்டனின் கல்வி நிறுவனங்களைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் சில வழிகளைத் திறந்துவைப்பது போதாது.

தமிழோசையைச் சிற்றலையில் கேட்டு, பிபிசி சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்த நம்பிக்கையோடுதான் மீண்டும் கேட்கிறேன். எஞ்சியிருக்கும் 1960-களின் பதிவுகளை நாள்வாரியாகத் திறந்து வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்வது கடினமென்றால், முதலில் எவை இருக்கின்றன, எவை இல்லை என்ற முழுப் பட்டியலை வெளியிட்டு, ஏதேனும் ஒரு நாளை மட்டும் ஜீனோம் பக்கத்திலேயே இணைத்துக் காட்டுங்கள். அழிந்த நிகழ்ச்சிக்கு நேரே அழிந்தது என்றும், உரிமைச் சிக்கல் உள்ளதற்கு நேரே அதையும் எழுதுங்கள். அந்த முதல் நாளை எப்போது எதிர்பார்க்கலாம் என்று அன்புகூர்ந்து ஒரு தேதியை அறிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நேயர் ஒருவர்