ஆலோசகர் வேலையை ஆசிரியர் தலையில் கட்டாதீர்கள்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வதும் எனக்குத் தரப்பட்ட கூடுதல் பொறுப்பு. காலாண்டுத் தேர்வுக்கு மதிப்பெண் போடுவதும் நான், வகுப்புக்கு வராதவனின் வீட்டுக்குப் போன் செய்வதும் நான். அப்பா குடித்துவிட்டு அடிப்பதை அந்தப் பிள்ளை என்னிடமே வந்து சொல்ல வேண்டும் என்கிறோம். சிலர் சொல்கிறார்கள். பலர் வாய் திறப்பதில்லை. கணக்கில் தோற்கிறார்கள், இல்லாவிட்டால் பக்கத்திலிருப்பவனை அடிக்கிறார்கள்.

இது என் மனக்குறை மட்டுமல்ல. பீகாரின் நாலந்தா மாவட்ட உயர்நிலைப் பள்ளிகளில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள், சிலவற்றில் அதே வேலையைச் செய்ய ஆசிரியர்கள். அந்த ஆலோசகர்கள் மனநல நிபுணர்கள்கூட அல்லர். 2018இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மாணவர்களின் மனச்சோர்வும் சீண்டலும் அடிதடியும் குறைந்தன. ஆசிரியர்களே செய்த பள்ளிகளில் பலன் தெரியவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை; எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரம் பதிவது முதல் தேர்வுப் பணி வரை சுமக்கிறவருக்கு நேரம் எங்கே?

மதிப்பெண்ணைப் பற்றியும் கேட்பீர்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் தொடக்கப் பள்ளிகளில் கூடுதலாக ஓர் ஆலோசகர் இருந்தபோது ஒழுங்கீனம் குறைந்தது, பையன்களின் மதிப்பெண்ணும் சற்றே கூடியது. சிறிய ஏற்றம்தான். ஆனாலும் வகுப்பின் அளவைக் குறைப்பதால் வரும் பலனோடு ஒப்பிட இது குறைந்ததில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

மாணவர்கள் அழைக்கும் 14417 உதவி எண்ணும், குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியும் நல்ல ஏற்பாடுகள், தொடரட்டும். ஆனால் சீட்டு எழுதிப் போட்ட பிள்ளையோடு அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். 2023இல் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பெரிய பள்ளிகளில் ஆலோசகர் நியமனத்தை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள். நியமிக்கப்படுபவருக்குக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை கொடுங்கள். தேர்வுப் பணி வேண்டாம். ஆசிரியர் விடுப்பெடுத்த வகுப்பைப் பார்த்துக்கொள்ளவும் அவரை அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர்