முழங்காலின் சுமையை இறக்கி வைத்தவர்களுக்கு நன்றி

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்த மூட்டுவலிக்காரர்களுக்கு நடைப்பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்கள் நாங்கள். பாராட்டெல்லாம் சர்ஜனோடு நின்றுவிடுகிறது. இந்த மடல் மற்றவர்களுக்கு.

முதல் வணக்கம் மெல்போர்னில் ஆய்வுக்கு உடன்பட்ட 82 பேருக்கு. எல்லோரும் முழங்கால் மூட்டு மாற்றுக்குக் காத்திருந்தவர்கள். அவர்களில் 41 பேருக்கு முதலில் இரைப்பையில் பட்டை பொருத்தி எடையைக் குறைத்தார்கள். அந்த 41 பேரில் 12 பேர், வலி தணிந்துவிட்டதால் மூட்டு மாற்றே வேண்டாம் என்றுவிட்டார்கள். சிக்கல்களும் அந்தப் பக்கம் 6 பேருக்குத்தான். அந்த எடைக்குறைப்பு அறுவை செய்யாத மற்ற 41 பேரில் 15 பேருக்கு. 2022இல் வெளியான இந்தக் கணக்கை இன்றும் நோயாளிகளிடம் எடுத்துச் சொல்கிறோம். உடம்பில் 1 கிலோ இறங்கினால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ சுமை குறையும். தேய்ந்த குருத்தெலும்பு மட்டும் திரும்ப வளராது.

டயட்டீஷியன்களுக்குப் பெரிய நன்றி. கொழுப்போடு தசையும் சேர்ந்தே கரையும். தொடைத் தசை மெலிந்தால், எடை குறைந்த பிறகும் படி இறங்கும்போது முழங்கால் மடங்கிவிடும். நாளைக்கு 60 கிராமாவது புரதம் என்று நீங்கள் விடாப்பிடியாக நிற்பதால்தான் எங்கள் பயிற்சி பலிக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம்தான். சின்ன இரைப்பையில் 60 கிராமை நிரப்புவது லேசான வேலையில்லை.

ஆபரேஷன் நாளிலேயே எழுப்பி நடக்கவிட்டு, காலில் ரத்தம் உறையாமல் காத்த செவிலியர்களுக்கும் நன்றி. இரைப்பை பைபாஸ் செய்தவருக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் கூடாது, இரைப்பையையும் குடலையும் இணைத்த இடத்தில் புண் வரும் என்று தடுத்து, பாராசிட்டமால் கொடுத்த மருந்தாளுநர்களுக்கும்.

கடைசியாக வீட்டார். வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் ஊன்றுகோல் பிடிக்கவைத்தீர்கள், தாழ்ந்த நாற்காலியை மாற்றினீர்கள், காலை நீட்டித் தூக்கி 5 விநாடி நிறுத்தும் பயிற்சிக்கு எண்ணிக்கை சொன்னீர்கள். எல்லாவற்றையும்விட, "செருப்பு கழன்று கழன்று போகுதே" என்று ஓடி வந்து சொன்னீர்களே, அதற்குத்தான் கூடுதல் நன்றி. எடை வேகமாக இறங்கும்போது முழங்காலின் வெளிப்பக்க நரம்புக்கு மெத்தைபோல் இருந்த கொழுப்பு போய்விடும். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் அந்த நரம்பு நசுங்கிப் பாதம் தொங்கிவிடும். வாந்தி தொடர்ந்து தயமின் (வைட்டமின் பி1) குறைந்தாலும் கால் தள்ளாடும். இரண்டிலும் சீக்கிரம் வந்தால்தான் எங்களால் ஏதாவது செய்யமுடியும். நீங்கள் சீக்கிரம் அழைத்து வந்தீர்கள்.