அடுக்குமாடியில் ஏரியல் கம்பிக்கு இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்வோரின் ஹாம் வானொலியில் 160 மீட்டர் (சுமார் 1.8 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசை, பகலில் வானின் உயரத்தே மின்னேற்றம் பெற்ற அயனி மண்டலத்தின் கீழடுக்கால் உறிஞ்சப்பட்டு, அவ்வடுக்கு இரவில் மங்கிய பிறகே தொலைதூரம் எட்டுகிறது. பினாங்கில் இடிமழைக் காலத்தில் வானொலியில் எழும் படபட ஒலியையாவது பொறுத்துக்கொள்ளலாம். மலிவான எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் கிளப்பும் ஓயாத இரைச்சலோ, 1.8 மெகாஹெர்ட்ஸில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும் மெல்லிய மோர்ஸ் குறியீட்டு ஒலியை அடியோடு விழுங்கிவிடுகிறது.

இரைச்சல் போதாதென்று இடமும் சிக்கல்தான். அலைநீளத்தில் பாதியளவுள்ள அரை அலை ஏரியலுக்கே ஏறத்தாழ 80 மீட்டர் கம்பி தேவைப்படும்போது, அடுக்குமாடி வீட்டின் பால்கனி எப்படிப் போதும்? உரிமம் பெற்றவர்கள் மொட்டைமாடியில் மெல்லிய கம்பி கட்டுவதற்குக் கட்டட நிர்வாகக் குழுக்கள் இணங்க வேண்டும். அதற்கான தெளிவான வழிகாட்டியை மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் வெளியிட வேண்டுமென மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹாம் வானொலி ஆர்வலர்,
ஜெலுத்தோங், பினாங்கு