தீப்பிடித்த நேரம் எத்தனை மணி?

அன்புள்ள செல்வி,

நலம்தானே? அம்மா நலம். ஆம்பூர் மாமா பிரியாணிக் கடை திறக்கப்போவதாக இன்னும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் நைட் டியூட்டி. குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பெண். அடுப்பிலிருந்து புடவையில் தீப்பற்றி உடம்பில் 40 சதவீதம் காயம், எடை 50 கிலோ. எங்களிடம் வரும்போதே 3 மணி நேரம் போய்விட்டது. முதலில் போன இடத்தில் களிம்பு தடவி அனுப்பியிருக்கிறார்கள், ஒரு டிரிப்கூடப் போடவில்லை. வயிறு எரிகிறது செல்வி.

தீக்காயத்துக்கு எவ்வளவு டிரிப் ஏற்றுவது என்று சொல்லும் பார்க்லேண்ட் கணக்குப்படி 4 மில்லியை எடை 50 ஆலும் காய சதவீதம் 40 ஆலும் பெருக்கினால் 8000 மில்லி ரிங்கர் லாக்டேட், அதாவது உப்புக் கரைசல் டிரிப். பாதியை முதல் 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். பயிற்சி டாக்டர் மணிக்கு 500 என்று எழுதினார். "தீப்பிடித்த நேரத்திலிருந்துதானே டாக்டர் 8 மணி? நமக்கு 5 மணிதான் மிச்சம்" என்றேன். உடனே 800 என்று திருத்தினார், நல்ல பிள்ளை.

ஆனால் கணக்கு தொடங்கத்தான். அப்புறம் யூரின்தான் பேசும். மணிக்குக் குறைந்தது 25 மில்லியாவது வர வேண்டியவளுக்கு முதல் மணியில் 12 தான், அதுவும் கடுங்காப்பி நிறத்தில். டிரிப்பைக் கூட்டினோம். விடியும்முன் 80 வந்தது, குறைத்தோம். கூடப் போனால் நுரையீரலில் நீர் கோக்கும், வயிறு கல்லாக இறுகும். நர்சிங் படிக்கும்போது நம்ம கண்ணாடி டீச்சர் மணிக்கொரு தரம் சார்ட்டைப் பிடுங்கிப் பார்ப்பாரே, அது ஏன் என்று இப்போது புரிகிறது.

காலையில் முகம் வீங்கிக் கண் திறக்கவில்லை. "தண்ணி ஏத்தித்தான் இப்படி ஆச்சு, நிறுத்துங்க" என்று அவள் அண்ணன் கத்தினார். முதல் நாள் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வீங்கத்தான் செய்யும், இப்போது நிறுத்தினால் கிட்னி போய்விடும் என்று உட்காரவைத்துச் சொன்னேன். விரல் வீங்குமுன் மோதிரத்தை நான் கழற்றியதையும் அவர் திருட்டாக நினைத்திருந்தார் பாவம். கையில் கொடுத்ததும் அழுதுவிட்டார்.

அவள் இருக்கிறாள். கிருமித்தொற்று பயம் இன்னும் தீரவில்லை.

எனக்கு ஒன்று வேண்டும். உங்கள் ஐசியூவில் மணிவாரியாக எழுதும் சார்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, நோயாளி பெயர் இல்லாத வெறும் தாளாக. 'தீப்பிடித்த நேரம்' என்று மேலே ஒரு கட்டம் சேர்த்து, சுற்றுவட்டார ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்குக் கொடுக்கப்போகிறேன். இந்த வாரமே அனுப்புடி.

அன்புடன்,
கலா
வேலூர்