தமிழ் பேட்ச் பகிர்ந்ததற்கு நிரந்தரத் தடையா? கேம் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கேம்களை உருவாக்கி விற்கும் நிறுவனங்களுக்கும், அங்கே கணக்குகளை முடக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்க்கிறவன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று பகல் முழுக்கத் தமிழ் ஃபான்ட்களோடுதான் பிழைப்பு. இரவில் மோட் செய்வேன், அதாவது வாங்கிய கேமின் கோப்புகளை மாற்றிப் புதிதாக ஏதாவது சேர்ப்பேன். அக்கா மகன் ஏழாவது படிக்கிறான். கதையோடு போகும் கேம் ஒன்றை அவனுக்கு வாங்கிக் கொடுத்தேன். வரிக்கு வரி "மாமா, இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டான். அதில் பதினோரு மொழிகள் இருந்தன, தமிழ் இல்லை. சரி, நாமே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மொழிபெயர்ப்புகூடப் பெரிதாகத் தெரியவில்லை. எழுத்துதான் படுத்தியெடுத்தது. யூனிகோடில் 'கெ' என்று அடித்தால் முதலில் ககரமும் அதற்குப் பிறகு கொம்பும்தான் பதிவாகும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது மென்பொருளின் வேலை. 'கொ' என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். அந்த கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சினுக்கு இது தெரியாது. 'கொண்டு வா' என்று அடித்தால், ககரத்துக்குப் பின்னால் புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு கொம்பு தனியாக நின்றது. கடைசியில் பழைய வழிக்கே போனேன். 1999 பிப்ரவரியில் இதே சென்னையில் கணினித் தமிழுக்கான தமிழ்நெட் மாநாடு நடந்த காலத்து ஃபான்ட்களில், கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே எழுத்தைச் சேமிப்பார்கள். அப்படி ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கி, ஃபான்ட் கோப்பை மாற்றி, வசனக் கோப்பையும் மாற்றி முடிக்க ஆறு மாத இரவுகள் போயின. பையன் தானாகப் படித்து முதல் புதிரை அவிழ்த்தபோது அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து பார்த்தாள்.

இப்படி மாற்றிய கோப்புகளை, கேமின் மேல் போட்டுக்கொள்ளும் தமிழ் பேட்ச்சாக, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். மூன்றாவது வாரம் என் அக்கவுண்ட் நிரந்தரமாக முடங்கியது. 'மாற்றப்பட்ட உள்ளடக்கத்தைப் பகிர்ந்தீர்கள்' என்று ஒரே வரி. எந்தக் கோப்பு, எந்த விதி என்று இல்லை. நான்கு தீபாவளி போனஸில் வாங்கிய கேம்கள் அத்தனையும் அதோடு போயின. மூன்று முறை முறையிட்டேன். மூன்று முறையும் எழுத்து மாறாமல் அதே பதில்.

என் பக்கம் தவறே இல்லை என்று வாதாடவில்லை. மாற்றிய பகுதியை மட்டும் பேட்ச்சாகக் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் மூலக் கோப்பையும் சேர்த்து மூட்டை கட்டிவிட்டேன். அது உங்கள் சொத்து, நான் பகிரக் கூடாது. இதை யாராவது ஒரு வரியில் சொல்லியிருந்தால் அன்றே எடுத்திருப்பேன்.

என்னைவிட அதிகம் நொந்தது ஆவடியிலிருக்கும் ஒரு கல்லூரி மாணவன். கேமில் போட்டிருந்த என் பேட்ச்சை நீக்காமலேயே ஆன்லைன் ஆட்டத்துக்குள் போனான், அவனுக்கும் தடை. ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கும் ஆன்ட்டி-சீட் மென்பொருள், கோப்பு மாறியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறது, எதற்காக மாறியது என்று பார்ப்பதில்லை. தமிழ் ஃபான்ட்டும் சுவருக்குப் பின்னால் நிற்கும் எதிரியைக் காட்டும் ஹேக்கும் அதற்கு ஒன்றுதான். ஹேக் போட்டு அடுத்தவர் ஆட்டத்தைக் கெடுப்பவரைத் தடை செய்யுங்கள், கைதட்டுவேன். நாங்கள் அந்தக் கூட்டம் இல்லை.

மோட் செய்பவர்களால் உங்கள் தொழில் வளர்ந்த கதை உங்களுக்கே தெரியும். கவுண்டர்-ஸ்ட்ரைக் 1999-இல் ஹாஃப்-லைஃபுக்கு இரண்டு பேர் செய்த மோட். ஹாஃப்-லைஃபை உருவாக்கிய வால்வ் நிறுவனம் அதை வாங்கி, செய்தவர்களுக்கு வேலையும் கொடுத்தது. டோட்டாவும் முதலில் வார்கிராஃப்ட் 3 என்ற கேமுக்கு ரசிகர்கள் உருவாக்கிய ஆட்டக்கள வரைபடம்தான். 2017 ஜூனில் ஜி.டி.ஏ. மோட்களுக்கான ஓப்பன்-ஐவி கருவியை நிறுத்தச் சொல்லி, ஜி.டி.ஏ.வை வெளியிடும் டேக்-டூ நிறுவனம் நோட்டீஸ் அனுப்பியது. ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள், தனியாள் ஆட்டத்துக்கான மோட்கள்மீது பொதுவாக நடவடிக்கை இருக்காது, ஆன்லைனுக்கு இது பொருந்தாது என்று ஜி.டி.ஏ.வை உருவாக்கும் ராக்ஸ்டார் அறிவித்தது. எல்லைக் கோடு எங்கே போட வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. மற்றவர்களும் அதையே போட்டால் என்ன?

தடைக்கு முன் எந்தக் கோப்பு தவறு என்று பெயர் சொல்லுங்கள், நீக்க ஒரு வாரம் கொடுங்கள். மீறினால் பகிரும் உரிமையைப் பறியுங்கள், காசு கொடுத்து வாங்கிய கேம்களைப் பறிக்காதீர்கள். மோட் இருந்தால் ஆன்லைன் வாசலிலேயே 'இதை எடுத்துவிட்டு வா' என்று ஓர் எச்சரிக்கை காட்டுங்கள். ஆவடிப் பையனுக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். முறையீட்டை மனிதர் ஒருவர் படிக்கட்டும்.

மூலக் கோப்பு எதுவும் இல்லாமல், மாற்றம் மட்டும் உள்ள பேட்ச்சை இப்போது தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். நீங்கள் அனுமதி சொல்லும்வரை யாருக்கும் கொடுக்க மாட்டேன். அதோடு, தமிழில் படித்த ஒரே காரணத்துக்காகத் தடைபட்ட அந்த மாணவனின் அக்கவுண்டை முதலில் திறந்துவிடுங்கள். என்னுடையதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு மோட் செய்பவன்