ஒரே செய்தி இரண்டு முறை போன வியாழக்கிழமை

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, பதில் எழுத இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. தாளடி நட்ட மறுநாளே மழை பிடித்துக்கொண்டது, வடிகாலில் தண்ணீர் இறங்க இரண்டு நாளானாலும் பயிர் தப்பித்துவிட்டது. அம்மா சுகம். உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு அரிசி ஆலைக்கு நான் இரண்டு சர்வர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேனே, வியாழக்கிழமை ராத்திரி மழையில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, இரண்டும் அணைந்துவிட்டன. விடியற்காலை நாலு மணிக்குக் கரண்ட் வந்ததும் இரண்டும் ஒன்றாக எழுந்தன. டேட்டாபேஸ் தயாராகும் முன்பே அப்ளிகேஷன் ஓடிப்போய்க் கதவைத் தட்டி விழுந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பி நிறுத்தும் சிஸ்டம்டியில் 'ரிக்வயர்ஸ்' என்ற வரியை மட்டும் போட்டிருந்தேன், 'ஆஃப்டர்' போடவில்லை. முன்னது இது வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும், எது முதலில் என்று சொல்லாது. இரண்டாவது வரியைச் சேர்த்ததும் அது சரியாகிவிட்டது. ஆனால் 'ஆஃப்டர்' போட்டாலும், முன்னால் கிளம்பும் சர்வீஸ் தான் தயார் என்று தானே சொல்லும் வகையாக இருக்க வேண்டும், எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸ் அப்படிச் சொல்லும். நம் ஆற்றுத் தண்ணீர் மாதிரிதான்: மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகிறது, அது வந்த பிறகுதானே இங்கே ஷட்டரைத் தூக்குகிறார்கள்.

பெரிய அடி இதற்கு அப்புறம் வந்தது. நெல் போட்ட விவசாயிகளுக்கு எத்தனை மூட்டை, எவ்வளவு பணம் என்று ராத்திரி இரண்டு மணிக்குச் செய்தி அனுப்பும் டைமர் இரண்டு மெஷினிலும் இருந்தது, அதில் 'பெர்சிஸ்டன்ட்' என்ற அமைப்பைப் போட்டு வைத்திருந்தேன். தவறிய வேலையை எழுந்ததும் செய்துவிடும் என்று நினைத்துப் போட்டது, அதையே இரண்டு மெஷினும் செய்தன. இரண்டில் ஒன்று முதன்மை, மற்றது அது விழுந்தால் பொறுப்பெடுக்கும் ஸ்டாண்ட்பை. ஸ்டாண்ட்பையில் இருப்பது படிக்க மட்டும் முடிகிற டேட்டாபேஸ் நகல். அது செய்தியை எல்லாம் அனுப்பி முடித்துவிட்டு, 'அனுப்பியாச்சு' என்று எழுதப் போகும்போதுதான் எழுத அனுமதி இல்லை என்று நின்றிருக்கிறது. காலையில் ஒரு பெரியவர் ஆலைக்கு வந்து, போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, ஒரே தொகைக்கு இரண்டு செய்தி வந்திருக்கிறதே, ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா தம்பி என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துப்போனது.

மிதக்கும் ஐபி, அதாவது பொறுப்பில் இருக்கும் மெஷினுக்கு மாறிக்கொள்ளும் முகவரி, எந்த மெஷினிடம் இருக்கிறதோ அதில் மட்டும் வேலை ஓட வேண்டும் என்று, அந்த முகவரியை மாற்றிவிடும் கீப்அலைவ்டியின் நோட்டிஃபை ஸ்கிரிப்டில் (பொறுப்பு மாறும்போது ஓடும் சின்ன நிரல்) டைமரைத் தொடங்கவும் நிறுத்தவும் வைத்தேன், பூட் ஆகும்போது டைமர் தானாக எழாது. அதுவும் போதவில்லை, 'பெர்சிஸ்டன்ட்' கடைசியாக எப்போது ஓடினோம் என்பதை அந்தந்த மெஷினிலேயே குறித்துவைக்கிறது, அதனால் பொறுப்பு கை மாறியதுமே ஸ்டாண்ட்பை பழைய தேதியைப் பார்த்து உடனே ஓடும். அதை எடுத்துவிட்டேன். ஒரே வேலை இரண்டு முறை ஓடாமல் தடுக்கும் எஃப்லாக் என்ற பூட்டை வைக்கலாமென்றால் அந்தப் பூட்டு ஒரே மெஷினுக்குள்தான் நிற்கும்.

இப்போது வேலை ஆரம்பிக்கும் முன்பே இன்றைய தேதிக்கு ஒரு வரியை டேட்டாபேஸில் எழுதுகிறது, ஒரு தேதிக்கு ஒரு வரிதான், எழுத முடியவில்லை என்றால் ஒரு செய்திகூடப் போகாது. நகலில் எழுதவே முடியாது என்பதால் அது முதல் அடியிலேயே நின்றுவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டைமர் கேட்டுப் பார்க்கும், அதனால் கரண்ட் போய் வந்தாலும் அன்றைய வேலை விட்டுப்போகாது. வரி எழுதிய பிறகு நடுவில் விழுந்தால் மட்டும் நானே வந்து பார்க்க வேண்டும். அது பரவாயில்லை.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும். இரண்டு மெஷினுக்கும் நடுவே ஒரே நெட்வொர்க் ஸ்விட்ச்தான், அது போனால் இரண்டுமே நான்தான் மாஸ்டர் (முதன்மை) என்று நிற்கும். இன்னொன்றின் கரண்டைத் தூரத்திலிருந்து அணைக்க இங்கே வசதி இல்லை. யார் மாஸ்டர் என்று முடிவு செய்ய மூன்றாவதாக ஒரு சின்ன மெஷினைச் சாட்சிக்கு வைத்தால் போதுமா, நீ அங்கே எப்படி வைத்திருக்கிறாய் என்று விவரமாக எழுது. பொங்கலுக்கு வந்தால் உட்கார்ந்தே செய்துவிடலாம்.

உன் நண்பன்